பிறந்த நாள் தாளின் மூன்றாவது வரி

வலது கைக் கட்டைவிரல் தாள்களின் ஓரத்தை வளைத்து விடுகிறது. இடது கை ஒவ்வொன்றாக விழும் தாளை நிறுத்திப் பிடிக்கிறது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு தாள்கட்டை மேசையில் நெட்டாக ஒரு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு. நான்கு ஓரமும் சுவர்போல நின்ற பிறகுதான் தலையில் தகரப் பட்டி ஏறும். பட்டி ஏறியபின் தப்பைத் திருத்த வழியில்லை, கட்டு முழுவதையும் கிழித்துப் போடவேண்டியதுதான்.

அந்தக் கைகளுக்கு உரியவளை அச்சகத்தில் 'தேதியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு பைண்டிங்கில் சேர்ந்தவள். தினசரி காலண்டரின் தாள்களை அடுக்கிக்கொண்டே அவற்றில் இருப்பதைப் படித்தாள். ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே மூன்று வரி உண்டு: அன்று நடந்தது, அன்று பிறந்தவர், அன்று மறைந்தவர். அந்த வரிகளை எழுதிக் கொடுத்த மனிதர் கண் பார்வை மங்கி விலகியபோது, அந்த வேலையும் இவளிடம் வந்தது. நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் படித்தாள். இரண்டு புத்தகங்கள் ஒரே தேதியைச் சொன்னால்தான் எடுத்துக்கொள்வாள். ஒன்று மட்டும் சொன்னால், எவ்வளவு ருசியான செய்தியானாலும் தள்ளிவிடுவாள்.

"அக்கா, என் மாமியார் பொறந்த நாள்ல என்ன நடந்துச்சு?" என்பார் மெஷின்காரர்.

"ஒரு ஊரே எரிஞ்சு சாம்பலாச்சு."

"அதானே பார்த்தேன்! நெருப்பு இன்னும் அணையலையேன்னு."

எல்லாருக்கும் இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்பவள், ஒரு தேதியைக் கேட்டால் மட்டும் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள். அது அவள் தம்பி செத்த நாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அந்தத் தேதி இல்லை.

தம்பி ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சரக்கு லிஃப்ட் ஓட்டினான். கடைக்காரரின் பிறந்த நாளும் புது மாடித் திறப்பும் ஒன்றாக வந்த நாள் அது. காலையிலேயே கம்பி அறுந்து லிஃப்ட் விழுந்தது. மேலே மேளதாளமும் விருந்தாளிகளும். கீழே அவனைக் கிடங்கில் சாக்குகள்மேல் கிடத்திக் கதவைச் சாத்தினார்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன அக்காவிடம், "சரக்கோட வெளியூர் போயிருக்கான்" என்றான் காவலாளி. சாப்பாட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி போயிற்று. அந்த மறுநாள் காலையில்தான் அடிபட்டு, அன்றே இறந்ததாகக் காகிதத்தில் எழுதினார்கள்.

கடை வேன் டிரைவர் ஒரு நாள் தெருவில் நிறுத்திச் சொன்னார்: "அன்னைக்கு மத்தியானமே உங்க தம்பியைத் தொட்டுப் பார்த்தேன்க்கா. சில்லுன்னு இருந்துச்சு."

"வேற யாரும் பார்க்கலையா?"

"முதலாளி வந்தாரு. குனிஞ்சு பார்த்தாரு. 'இன்னைக்கு வேணாம்'னு சொல்லிட்டு மேல போயிட்டாரு."

அதை வெளியில் வந்து சொல்ல டிரைவருக்குத் துணிச்சல் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர். அவளும் வற்புறுத்தவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில், காகிதத்தில் உள்ளதுதான் கணக்கு என்றார்கள். அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லை. சொன்னால், விழுந்ததும் உயிர் இருந்ததா என்று அம்மா கேட்பாள். பதில் யாரிடம் இருக்கிறது?

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டே வேலை பார்த்தாள். வருஷாவருஷம் அந்தத் தேதித் தாளுக்கு மட்டும் கெட்டதாகப் பொறுக்கிப் போட்டாள்: முழுகிய கப்பல், பிறந்த கொடுங்கோலன், தூக்கில் தொங்கிய துரோகி. யாரும் கவனிக்கவில்லை. மலையை ஊசியால் குத்துகிற வேலை என்று அவளுக்கே தெரியும். அவளுக்கு வேண்டியது வேறு. அந்த முதலாளி திருடிய நாளை அவன் கையாலேயே திருப்பித் தரவைக்க வேண்டும்.

ஒரு வருஷம் அந்த ஜவுளிக்கடைக்காரர் தானே அச்சகத்துக்கு வந்தார். வாடிக்கையாளர் எல்லாருக்கும், வேலையாள் எல்லாருக்கும் கடைப் பேரில் காலண்டர் வேண்டுமாம். மகளைக் கொடுக்கப் போகிற வீட்டுச் சம்பந்தியையும் பெருமைக்குக் கூட்டி வந்திருந்தார். அச்சகத்துக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தேதியக்காவைக் கூப்பிட்டார். ஜவுளிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"என் பொறந்த நாள் தாள்ல பொறந்தவங்க வரியில என் பேரு வரணும். பெரிய எழுத்துல."

"எல்லாருக்கும் ஒரே எழுத்துதான் சார். சக்கரவர்த்திக்கும் அதே அளவுதான்."

"சக்கரவர்த்திக்கே அதே அளவா? அப்ப சரி. நடந்தது வரிக்கு நல்லதா ஒண்ணு சொல்லு."

"கப்பல் முழுகினது இருக்கு. ராஜா ஒருத்தர் தோத்துப்போய் பொம்பள வேஷத்துல ஓடினது இருக்கு. கொள்ளை நோய் ஆரம்பிச்சது இருக்கு."

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க ராசி அப்படி, சம்பந்தி!"

"நல்லதே கிடையாதா?"

"ஒரு பாலம் திறந்தாங்க. அடுத்த வருஷம் இடிஞ்சிருச்சு."

"இடிஞ்சது அடுத்த வருஷம்தானே? அதையே போடு. செத்தவங்க வரி வேணாம். நல்ல நாளும் அதுவுமா."

"மூணு வரி இல்லாம எங்க தாள் வெளிய போகாது சார். எங்க முதலாளியோட அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

அச்சகத்துக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவள் மூன்று துண்டுச் சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"சொந்த ஊரையே கொளுத்திய தளபதி. ஐயையோ. மக்கள் பணத்தைத் தின்று தூக்கில் தொங்கிய அமைச்சர். இவர் பக்கத்துல உங்க பேரா? வேற வினையே வேணாம். சரக்கு லிஃப்ட் ஓட்டிய தொழிலாளி, வயது இருபத்திரண்டு." சீட்டை உயர்த்திப் பிடித்தார். "இதான் சம்பந்தி! வேலைக்காரனுக்கும் மரியாதை கொடுக்கிற மனுஷன்னு நாலு பேர் சொல்லுவாங்க."

ஒப்புதல் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்த ஜவுளிக்காரரின் கை அப்படியே நின்றது.

"இது வேணாம்."

"ஏன்?"

"இது அன்னைக்கு இல்ல. மறுநாள்னுதானே எழுதி..."

வாய் அதோடு நின்றது.

"யாரு எழுதினா?" என்றார் சம்பந்தி. "உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

"இல்ல இல்ல. வேற எவனையோ நெனச்சேன்."

"யாரை நெனச்சீங்க சார்?" என்றாள் அவள், மெதுவாக.

அப்போதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் கண் ஒரே அச்சு. பார்த்தவர் பார்வையை எடுக்க முடியாமல் தவித்தார். பக்கத்தில் சம்பந்தி பதிலுக்குக் காத்திருந்தார். இந்தத் தேதிக்கு இதுவரை டிரைவர் ஒருவர்தான் சாட்சி. இரண்டாவது சாட்சி இப்போது கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"யாரையும் நெனைக்கல. எங்க போடணும் கையெழுத்து?"

அவள் இடத்தை விரலால் காட்டினாள். போட்டார்.

மறுநாள் கடை மேனேஜர் வந்து பைண்டிங் அறை வாசலில் நின்று குழைந்தார். "அக்கா, அந்த ஒரு வரியை மட்டும் தூக்கிடுங்க. உங்களுக்கு என்ன செய்யணுமோ செய்யச் சொல்லியிருக்காரு."

"கையெழுத்தான தாள்ல திருத்தம்னா, போட்டவரே வந்து ஓரத்துல காரணம் எழுதணும். இங்க எல்லாருக்கும் அதான் வழக்கம்."

"காரணம்னா என்னன்னு எழுதுறது?"

"அது அவருக்குத்தான் தெரியும். கை நடுங்குதுன்னா அவர் சொல்லட்டும், சம்பந்தி எழுதட்டும்."

மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை; ஆர்டரையே ரத்து செய்தாலும் சம்பந்தி காரணம் கேட்பார்.

அச்சகத்துக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "யாரும்மா அந்த லிஃப்ட் ஆளு?"

"என் தம்பி, அண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். "முன்னாடியே சொல்லியிருந்தா தடுத்திருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

"பேரையாவது போட்டிருக்கலாமே?"

"பேரைப் பார்த்திருந்தா, சீட்டு சம்பந்தி கைக்குப் போறதுக்கு முன்னாடியே அவன் கிழிச்சிருப்பான். பேர் இல்லாமலே அந்தக் கடையில எல்லாருக்கும் தெரியும், அண்ணே. அது போதும்."

"இனிமே அவன் நமக்கு ஒரு சீட்டு வேலைகூடத் தரமாட்டான், தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் ஆர்டர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு உள்பக்கம் குரல் கொடுத்தார். "யோவ் மெஷின்காரரே! அந்தத் தாள் இருக்கிற ஃபாரத்துக்கு மையைக் கொஞ்சம் கெட்டியா ஓட்டுய்யா."

சரக்கு தயாரான அன்று அவளே வண்டியில் ஏறிப் போனாள். முதல் காலண்டரை முதலாளி கையில் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்று மேனேஜர் ஏற்கெனவே ஆட்களை வரவழைத்திருந்தார். துணி அளப்பவர்கள், கட்டுத் தூக்குகிறவர்கள், இப்போது லிஃப்ட் ஓட்டுகிறவன், வேன் டிரைவர் எல்லாரும் கல்லாவைச் சுற்றி நின்றார்கள். காலண்டர் கட்டுகளை இறக்க உதவிய டிரைவர் ஒரு காலண்டரை உருவி, தாள்களைத் தள்ளி, அந்தத் தேதியில் நிறுத்தினார். படித்தார். லிஃப்ட்காரனிடம் கொடுத்தார். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். காலண்டர் கைமாறக் கைமாற இரைச்சல் அடங்கியது. ஒவ்வொரு தலையும் நிமிர்ந்து கல்லாப் பக்கம் திரும்பியது.

ஜவுளிக்காரர் கல்லா இழுப்பறையை மூடினார். "மேசைமேல வச்சிட்டுப் போம்மா."

"உங்க நாள் இருக்கிற காலண்டர், சார். கையில வாங்குங்க."

அவள் நீட்டியபடியே நின்றாள். கட்டு கனம், ஆனால் கை இறங்கவில்லை. அத்தனை பேர் பார்வைக்கும் நடுவில், அவர் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.