அரிசி வேகாத ஊர்

பிள்ளைகளா, பட்டாளத்தில் இருந்த உங்கள் சித்தப்பா அறுபதுகளில் லடாக்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் தென்காசியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் நம் தெரு வரைக்கும் வந்து, துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் காயவில்லை. அப்போது அவன் கடிதம் வந்தது.

"இங்கே மரம் கிடையாது, புல் கிடையாது. எங்கே பார்த்தாலும் கல்லும் மண்ணும்தான். வெயிலில் நின்றால் தோல் உரிகிறது, நிழலுக்கு நகர்ந்தால் விறைக்கிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. செவ்வாய்க் கிரகம் இப்படித்தான் இருக்கும் என்று எங்கள் ஆபீசர் சொல்கிறார். தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. அரிசிதான் வேக மாட்டேன் என்கிறது. அரை வேக்காட்டில் சாப்பிடுகிறோம்."

நான் உரக்க வாசித்தேன். உங்கள் சித்தி, அவனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகாதவள், சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கொதிக்குத தண்ணில அரிசி எப்படி வேகாம கெடக்கும் அத்தான்? வெறகு ஈரமா இருக்கும். அவியளுக்கு அடுப்பு ஊதத் தெரியாதுல்லா."

"நீ போயி ஊதிட்டு வாயேன்" என்று உங்கள் அம்மா கேலி செய்தாள். சித்தி சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளுக்கு வயிற்றுவலி. காரணத்தைக் கண்டுபிடித்தது உங்கள் அம்மாதான். சித்தி தனக்கு மட்டும் சின்னச் சட்டியில் உலை வைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, அந்த அரிசியை நறுக் நறுக்கென்று தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா?"

"அவிய தின்னுதது எப்படி இருக்குன்னு பாத்தேங்க்கா. தொண்டைல எறங்க மாட்டேங்கு. இதத் தின்னுட்டு எப்படி அவ்வளவு பெரிய வண்டிய ஓட்டுவாவ?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடைக்குச் சைக்கிள் எடுக்க வரும் சயின்ஸ் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை எனக்குத் தெரிந்த பாஷையில் அவளுக்குச் சொன்னேன்.

"டியூப்ல அடைச்சா ஆளையே தாங்குதுல்லாம்மா, அந்தக் காத்துதான். நம்ம உலை மேலயும் அது ஒக்காந்து அமுக்குது. அதனால நல்லாச் சூடேறுன பொறவுதான் தண்ணி கொதிக்கும். அவன் இருக்குத ஒசரத்துல காத்து மெலிசு, அமுக்க ஆளில்ல. முழுச் சூடு ஏறுததுக்கு முந்தியே தண்ணி கொதிச்சு ஆவியாப் போயிருது. அந்தக் கொறஞ்ச சூட்டுல அரிசி வேகாது. செவ்வாய்ல காத்து இன்னும் மெலிசாம்."

அவள் அடுப்பில் இருந்த உலைமூடியை அகப்பையால் அமுக்கிப் பார்த்தாள்.

"காத்து அமுக்காட்டா என்ன, நாம அமுக்கலாம்லா? அடுத்த வீட்டு பாய் மக கல்யாணத்துல பிரியாணிச் சட்டி மூடிய மாவு வச்சு ஒட்டுனாவ. அதே மாதிரி ஒட்டி, மேல ஒரு கல்லத் தூக்கி வச்சா?"

எனக்கோ, வாத்தியாருக்கோ இது தோன்றவில்லை, பிள்ளைகளா. உடனே தபாலாபீசுக்குப் போய் இன்லண்டு லெட்டர் வாங்கிவந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என் பங்குக்கு, "மாவை முழுக்க அடைத்துவிடாதே, ஆவி போக ஓரத்தில் கொஞ்சம் இடம் விடு" என்று சேர்த்தேன். அளவுக்கு மேல் காற்றடித்தால் என்ன ஆகும் என்று சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரியும்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதட்டித்தான் சித்தியைச் சாப்பிடவைத்தாள். தட்டில் பாதி அப்படியே மிஞ்சும்.

"கல் வைத்துப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தான். "நேரம் பிடிக்கிறது. நடுவில் கொஞ்சம் கடிபடத்தான் செய்கிறது. ஆனாலும் அது சோறு. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். கூட இருக்கிற பஞ்சாப்காரர்கள் இப்போது பருப்புக்கும் கல் தேடுகிறார்கள்."

'வயிறு நிறைய' என்ற இடத்தைச் சித்தி மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு அடுக்களைக்குப் போய், யாரும் சொல்லாமலே தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றிருப்பாள். கை அப்படியே நின்றது.

"அத்தான், பதில் போடும்போது ஒண்ணு எழுதுங்க. கல்லத் தூக்கும்போது ரெண்டு காலையும் தள்ளி வச்சுக்கிடச் சொல்லுங்க."

அப்படியே எழுதினேன்.