சின்ன லிவருக்கு ஓர் உறை

காலையில் அந்தச் சந்திலிருந்து வண்டியை வெளியே எடுப்பதற்குள் கண்ணாடிக்காரருக்குப் பாதி உயிர் போய்விடும். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்தும் கடை வைத்திருக்கிறவர். மயிரிழை பிசகினாலும் பொறுக்காத கை. அந்தக் கைதான் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வேர்த்துப்போகும். காட்டுப் பாதைக்கும் கல் குவாரிக்கும் என்று செய்த வண்டி அது. சந்தோ, ஒரு காரும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தால் சைக்கிள்காரர் இறங்கிச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம்.

“பெரியவர் கிளம்பிட்டாருப்பா, எல்லாரும் காலை மடக்கிக்குங்க!” என்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று குரல் கொடுப்பார். ‘பெரியவர்’ என்பது வண்டிக்குத் தெரு வைத்த பெயர். பெரியவர் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கிக்கொண்டு ரிவர்ஸிலேயே ஊர்ந்து வருவார். அவருக்கு வழி சொல்லிக்கொண்டே கணக்கு டீச்சர், அதாவது கண்ணாடிக்காரரின் மனைவி, நடந்து வருவாள். “வாங்க, வாங்க, இன்னும் வாங்க, ஐயோ போதும்!”

சந்து முனைக்கு வந்ததும் முக்காலி இறங்கும். அவள் குள்ளம், வண்டியின் படி அவள் இடுப்புக்கு இருக்கும். முக்காலியில் ஏறி, அங்கிருந்து உள்ளே ஏறுவாள். ஏறிவிட்டால் கீழே நிற்கும் முக்காலியை எட்டி எடுக்க முடியாதே! அதற்காக அதன் காலில் ஒரு கயிறு கட்டியிருந்தாள். உட்கார்ந்ததும் கிணற்றில் வாளி இழுப்பது போல இழுத்துக் காலடியில் வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூட வாசலில் மறுபடி முக்காலி இறங்க, பின்னால் டீச்சர் இறங்க, பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே மணி அடித்த பிறகும் நிற்பார்கள்.

இத்தனை கூத்தும் எதற்கென்றால், ஒரு ஏரிக்காக. பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மலை ஏரியின் படம் மாட்டியிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் அவள் வகுப்புக்குப் போவாள். மலையின் கடைசி ஏற்றம் வெறும் மண் பாதை. சாதாரணக் கார் ஏறாது என்று யாரோ சொன்னார்கள். “ஒரு தடவை பார்த்துட்டா போதுங்க” என்று அவள் சொன்னாள். அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டதே அபூர்வம். மனுஷர் நேராகப் போய், குவாரி நடத்தியவரிடமிருந்து இந்தப் பழைய வண்டியை வாங்கி வந்துவிட்டார்.

கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர் இருந்தது. விற்றவர் அதைத் தொட்டுக் காட்டினார். “இதைப் போட்டா நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தார் ரோட்டுல மட்டும் போட்டுடாதீங்க, உள்ள பல்லு தேஞ்சிடும்.”

கண்ணாடிக்காரர் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். லிவரை யாரும் தொடக்கூடாது. “அது மலைக்குன்னு இருக்கு” என்பார். டிவி ரிமோட்டுக்கு உறை போட்டு வைக்கிற குடும்பம்தானே! டீச்சரும் கடையில் கண்ணாடி துடைக்க வாங்கி மிச்சமிருந்த மெத்தென்ற துணியில் லிவருக்கு ஓர் உறை தைத்து மாட்டினாள். தூசி பார்த்துத் துடைத்துக் குழந்தை மாதிரி பொத்திப் பொத்தி வைத்தார்கள்.

மலைக்கு மட்டும் போகவில்லை. முதல் வருஷம் அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தார். அடுத்து மகளின் படிப்பு. கோடையில் கடையை விட முடியாது. குளிர்காலத்தில் டீச்சருக்குப் பரீட்சை. அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். பெரியவர் பாட்டுக்குக் காய்கறி சுமந்தார், ரேஷன் மூட்டை சுமந்தார், நிறுத்த இடம் கிடைக்காமல் கடைவீதியை வட்டமடித்தார். மலை ஏறப் பிறந்த வண்டி, வேகத்தடை ஏறி இறங்கியே கிழடானது.

பிறகு அவள் இதயம் ஓய ஆரம்பித்தது. முதலில் பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு வாங்கியது, அப்புறம் முக்காலியிலேயே வாங்கியது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, “எங்கயாவது போகணும்னு ஆசை இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்கம்மா” என்றார். அந்த ‘இப்பவே’ என்ன சொல்கிறது என்று இருவருக்கும் புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் பேசினாள். “என்னங்க, ஏரிக்குப் போலாமா?”

அந்த வாரமே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் ஜன்னலில் கை வைத்தபடி வந்தாள். மலையில் ஏறி, தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கியது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போனதும் பின் சக்கரங்கள் சேற்றில் சுற்ற ஆரம்பித்தன.

“இப்பத்தான் நம்ம ஆள் வேலை செய்யப்போறார், பாரு” என்று கண்ணாடிக்காரர் உற்சாகமாக உறையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, சின்ன லிவரைத் தள்ளினார்.

அது அசையவில்லை.

இழுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். இத்தனை வருஷம் தொடாமல் கிடந்த இரும்பு, உள்ளே எங்கேயோ இறுகிப்போயிருந்தது. வண்டி சேற்றை வாரி இறைத்ததே தவிர ஒரு முழம் ஏறவில்லை. மேலே, மேட்டின் விளிம்புக்கு அப்பால் ஏரி இருந்தது; கூப்பிடு தூரம்.

“நான் தூக்கிட்டுப் போறேன், வா” என்றார்.

“நீங்களா? அப்புறம் உங்களை யார் தூக்குறது?” என்று அவள் சிரித்தாள். சிரிப்பிலேயே மூச்சு திணறியது. பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி அந்த உறைத் துணியால் துடைத்தாள். “கண்ணாடியைப் போடாம பெட்டிக்குள்ளயே வெச்சிருக்காங்கன்னு கடைக்கு வர்றவங்களை எல்லாம் திட்டுவீங்களே. நானும் சேர்ந்துதானே இதுக்கு உறை தெச்சேன்” என்றாள்.

அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரிவர்ஸிலேயே ஊர்ந்து இறங்கினார்கள். அதில் மட்டும் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “மண்ணு தரையா பார்த்து அப்பப்போ போட்டு எடுக்கணும் சார். போடாம வெச்சா துரு பிடிச்சுக்கும். உங்களுக்கு யாரும் சொல்லலையா?” கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். லிவர் இப்போது வெண்ணெயாக இறங்கியது. ஆனால் அதற்குள் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். இனி மலை என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மாலை அவள் கேட்டாள். “ரிப்பேர் பண்ணீங்களே, எனக்குப் போட்டுக் காட்டுங்க.”

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கட்டட வேலைக்காக மண் கொட்டிக் குவித்திருந்த மைதானம் ஒன்று உண்டு. அவளைத் தூக்கி உட்காரவைத்து அங்கே கூட்டிப்போனார். சின்ன லிவரை இறக்கினார். பெரியவர் ஒரு உறுமல் உறுமிக்கொண்டு மண்மேட்டில் ஏறி உச்சியில் நின்றார். அவள் இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். “நம்ம ஸ்கூல் மாடியில துணி காயுதுங்க, யாருதுன்னு தெரியல” என்றாள். இன்னொரு தரம் ஏறச் சொன்னாள். இருட்டுகிறவரை ஏறி இறங்கினார்கள். அவள் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள், அது நிஜம். ஏரியைப் பார்க்கவில்லை, அதுவும் நிஜம்.

மழைக்காலம் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

வண்டியை விற்றுவிடச் சொல்லி மகள் போனில் மன்றாடினாள். எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தானே இறங்கி வந்து பின்னால் நின்று வழி சொன்னார். கண்ணாடிக்காரர் விற்கவில்லை. சேறு காய்ந்த ஒரு நாளில் யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் போனார். கடைசி ஏற்றத்தில் சின்ன லிவரைப் போட்டார். ஒரு வழுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. வண்டி சொன்ன பேச்சு கேட்டு ஏறியது. மேடு தாண்டியதும் ஏரி வந்துவிட்டது. படத்தில் இருந்ததைவிடச் சின்னதுதான்.

எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். கீழே நின்றபடியே எட்டிக் கதவைத் திறந்து, காலடியில் கிடந்த முக்காலியை எடுத்துத் தரையில் வைத்தார். ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு, அவள் இறங்கப் பிடித்துக்கொள்வதற்காகத் தோளைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நின்றபிறகுதான் உறைத்தது. அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதார்.

கிளம்பும்வரை முக்காலியை அவர் எடுக்கவில்லை. அது அவள் கதவுக்குக் கீழேயே, ஏரியைப் பார்த்தபடி இருந்தது.