செங்கல் வைத்து அடைத்த தெற்கு வாசல்

சுண்ணாம்பு அடித்த புதுச் சுவரில் ஒரு கதவின் வடிவம் மட்டும் ஈரமாகத் தெரிந்தது. மயிலாப்பூரில் மூடிக்கிடந்த பழைய பெண்கள் பள்ளியைச் சமூகக் கூடமாக மாற்றியபோது, பின்னறையின் தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த அறைதான் குழந்தைகள் காப்பகம். அடிக்கடி மூச்சிழுப்பு வரும் என் இரண்டு வயதுப் பெண்ணை அங்கே விட்டுவிட்டுத்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். மீதமிருந்த ஒரே வாசல் கல்யாணம் நடக்கும் கூடத்துக்குள் திறந்தது.

அடைக்கச் சொன்னவர் கூடத்தின் காரியதரிசி. கரும்பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தன் படத்தை மாட்டிக்கொண்ட மனிதர். கல்யாண வீட்டார் வந்தால் அவர் இடுப்பு தானாக வளையும். குழந்தைகளை விட வரும் எங்களைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவசரத்துக்கு வெளியேற ஒரு வழி வேண்டாமா என்று நான் கேட்டதற்கும் அப்படித்தான் துடைத்தார்.

"தெக்கு வாசல் இருந்தா எவன் இங்கே முகூர்த்தம் வைப்பான்? குழந்தேளுக்கு எத்தனை வாசல் வேணும்? படிச்ச பொண்ணு, இப்படிப் பயந்து சாகறியே!"

நான்தான் அதிகம் பயப்படுகிறேனோ என்று நினைத்து வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், குழந்தையை விட்டுவிட்டுப் பஸ் நிறுத்தம்வரை போனவள் மனம் கேட்காமல் திரும்பினேன். காப்பகத்து ஜன்னலுக்கு நேர் கீழே சமையல்காரர்கள் ஈர விறகில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அறை முழுக்கப் புகை.

"தாலி கட்ற வரிக்கும் யாரும் வெளிய வரக்கூடாதுன்னு செகரட்டரி சொல்லிட்டுப் போனாரும்மா," என்று ஆயா அழுதாள்.

என் பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டேன். மற்ற குழந்தைகள் ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொள்ள, இருமிக்கொண்டே மணமேடைக்கு முன்னால் நடந்தோம். காரியதரிசி ஓடி வந்தார்.

"முகூர்த்த நேரத்துல இதென்ன அபசகுனம்! வேற வழியே இல்லையா?"

"இருந்தது, மாமா. நீங்கதான் அடைச்சேள்."

அப்போதும் அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டாரின் முகத்தைத்தான் பார்த்தார்.

அடுத்த முகூர்த்தத்துக்குள் செங்கல்லைப் பெயர்த்துக் கதவு வைத்தாயிற்று. குழந்தைகள் மூச்சு விடுவதற்காக அல்ல, கல்யாணக் கூட்டத்தின் கண்ணில் படாமல் இருப்பதற்காக. என் பெண் இப்போது இரண்டாம் வகுப்பு. கோயில் வாசலில் காரியதரிசி எதிர்ப்பட்டால், "உன் குழந்தைக்காகத்தாம்மா அந்தக் கதவையே வெச்சேன்," என்கிறார். பெரியவர்கள் பேசினால் தலையசைத்தே பழகியவள் நான். அவருக்கு மட்டும் என் கழுத்து அசைவதில்லை.