ஸ்கேல் வைத்துப் போட்ட மேகம்

முட்டாள்தனத்தில் பல ரகம் உண்டு. என்னுடையது கணினியில் பிழையில்லாமல் ஓடும் ரகம். அதனால்தான் வெளியே தெரிய நாளாயிற்று.

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடியும் சமயத்தில், புனேயில் நடந்தது இது. அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், மேகத்தைப் பற்றியது என்பேன். அப்படியானால் மழை எப்போது வரும் என்பார்கள். தெரியாது என்பேன். அதோடு மரியாதை போய்விடும்.

காற்றிலுள்ள ஈரம் தானாக மேகத்துளி ஆகிவிடாது. அது வந்து உட்கார ஒரு தூசோ, புகைத்துகளோ, கடல் உப்போ வேண்டும். இத்தனை துகள் இருந்தால் இத்தனை துளி உருவாகும் என்று கணக்கிட்டு, பருவநிலையைக் கணிக்கும் பெரிய ப்ரோகிராமுக்குள் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. கணக்கு சரியா என்று பார்க்க நிஜ மேகத்தில் துளிகளை எண்ண வேண்டும். அதைச் செய்தவர் எங்கள் குழுவின் ஆராய்ச்சி மாணவி. புனேயிலேயே கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பெண். இரண்டு மழைக்காலம் எஸ்.டி. என்கிற அரசு பஸ் பிடித்து மலைக்குப் போய், மேகத்துக்குள்ளேயே நின்று, கருவியால் எண்ணிக்கொண்டு வந்தார். நான் எண்ணியதெல்லாம் ஏ.சி. அறையில்.

அவர் எண்ணியதைப் புள்ளிகளாகவும் நான் கணக்கிட்டதைக் கோடாகவும் ஒரே படத்தில் போட்டேன். நல்ல மழை காற்றைக் கழுவிவிட்ட நாட்களில் அவருடைய எண்ணிக்கை கிடுகிடுவென இறங்கியது. என்னுடையது கன சென்டிமீட்டருக்கு நாற்பது துளி என்பதில் வந்து நின்றுகொண்டது. கருவியின் லென்ஸில் அழுக்கு, பாதித் துளிகளை அது விட்டுவிடுகிறது என்று தீர்ப்பு சொன்னேன். அவர் மலைக்குப் போய் லென்ஸைத் துடைத்து, அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைத் தூவிச் சோதித்துவிட்டு வந்தார். கருவி சரியாகவே இருந்தது. நான் ஒத்துக்கொள்ளாமல் மறுபடி அனுப்பினேன். மூன்றாம் முறை இருமலோடு திரும்பினார்.

குழுத் தலைவர் பொறுமையான மராத்திக்காரர். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். கருவியில் கோளாறு என்றால் அந்த அளவுகளைத் தள்ளிவிட வேண்டியதுதான். தள்ளினால் அந்தப் பெண்ணின் ஆய்வேட்டில் பாதி போய்விடும். மறுபடி எண்ண இன்னொரு மழைக்காலம் அவரிடம் இல்லை.

வியாழக்கிழமை, என் மேஜையருகே சாய் குடித்துக்கொண்டே அந்த மாணவி படத்தைப் பார்த்தார்.

"உங்க கோடு இங்க ஏன் சார் எக்தம் ஸ்ட்ரெய்ட்டா இருக்கு? மேகம் ஸ்கேல் வெச்சா கோடு போடும்?"

அதற்குப் பெயர் நிதானம் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அது போதாதென்று, நிரூபித்தே காட்டுகிறேன் என ப்ரோகிராமைத் திறந்து, வரிவரியாகக் கீழே இறங்கினேன்.

அங்கே இருந்தது அந்த வரி. எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே போனால் நாற்பது என்றே வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி. எண்ணிக்கை பூஜ்யமானால் வகுக்க முடியாமல் ப்ரோகிராம் பாதியில் படுத்துவிடும். அதற்கு முட்டுக்கொடுக்க எங்கள் தொழிலில் பலரும் செய்கிற கைவேலைதான். பக்கத்திலேயே, தற்காலிகம், பிறகு எடுக்கவும் என்று குறிப்பு. அதன் கீழே என் இனிஷியல். எடுக்க மறந்த மகானுபாவனான நான், அதையே இயற்கையின் சட்டமாக நம்பி, ஒரு பெண்ணை மூன்று முறை மழையில் மலையேற்றியிருக்கிறேன்.

அவரும் படித்தார். கிளாஸைக் கழுவப் போய்விட்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த மலை இருக்கும் இடத்துக்கு மட்டும் கணக்கை ஓடவிட்டேன். இரண்டு தடவை படுத்தது. முட்டுக்கொடுக்காமல், படுத்த இடத்தை உருப்படியாகச் சரிசெய்தேன். வெள்ளிக்கிழமை மதியம் என் கோடு மெல்ல இறங்கி, பெரும்பாலான நாட்களில் அவருடைய புள்ளிகளோடு போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் அந்த வரியைப் பெரிய திரையில் போட்டு, கோளாறு இந்த இனிஷியலில்தான் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அளவுகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

இன்றைக்கும் ஒரு படத்தில் கோடு அழகாக வந்துவிட்டால் ப்ரோகிராமைத் திறந்து வரிவரியாகத் தேடுகிறேன். யாரையோ மழையில் நிறுத்திவைத்திருக்கிறேனோ என்று தோன்றுகிறது.

அன்று கூட்டம் முடிந்து வராந்தாவில் அவரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் கருவியைச் சந்தேகப்படவே மாட்டேன், என் கணக்கைத்தான் சந்தேகப்படுவேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

"ரெண்டையும் சந்தேகப்படுங்க சார்."