தறிக்குழியில் பேய் வைத்தவள்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பேய் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேயைக் கொண்டுவந்து குடிவைக்கிறவளை, ஷாரோனைத் தவிர, வேறு யாரையும் பார்த்ததில்லை. என் வீட்டுத் தறிக்குழியிலேயே ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள் புண்ணியவதி. அதற்காக அவள் வேலை பார்க்கும் கடை வாசலில் நின்று, நாலு பேர் வேடிக்கை பார்க்க, அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்றைக்கு அவள் பெயரைக் கேட்டாலே கும்பிடத் தோன்றுகிறது. நேரில் நன்றி சொல்லப் போனால், "ஐயோ ஆன்ட்டி, வுடுங்க" என்று ஓடிவிடுகிறாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

ஷாரோன் தென்னேரிக்காரி. ஏரிக்கரையை ஒட்டி வீடு. தாத்தா காலம் வரைக்கும் ஊரார் வயலில் கூலி வேலை. தங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா சத்யராஜ் வயரிங் வேலை கற்றுக்கொண்டு, வீடு வீடாகச் சுவரில் துளை போட்டு, மகளைத் தமிழ் பி.ஏ. படிக்க வைத்தார். அவள் காந்தி ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். மனு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, இரங்கல் போஸ்டர், எல்லாம் அவள் விரலில்தான். என் மகள் பிரவீனா அதே கடையில் பில் போடுகிறாள். ரெண்டு பேரும் சேர்ந்துவிட்டால் முதலாளி காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலை நேரம் போக ஷாரோனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. நூறு வருஷத்துக்கு முன் அச்சான, உரிமை கேட்டு யாரும் வராத நாவல்களைத் தேடி எடுப்பாள். உத்தமியான மருமகள், பொல்லாத மாமியார், கடைசியில் கண்ணீரும் கல்யாணமும் என்று சாதுவாகப் போகும் கதையாக இருக்கும். அதற்குள் பேயை விடுவாள். கிணற்றிலிருந்து எழுந்து வருகிற ஜந்து, ராத்திரியில் குதிரில் இருக்கிற நெல்லைத் தின்கிற பூதம் என்று என்னென்னவோ சேர்ப்பாள். பழைய வரிகளில் கை வைக்க மாட்டாள். தன் வரிகளை அவற்றோடு சேர்த்துக் கோப்பாள். நாங்கள் புடவையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில், அதாவது நூல் ஓட்டுகிற ஓடத்தில், நெய்து கோர்வை போடுகிற மாதிரிதான். சேர்ந்த இடம் விரலுக்குத் தட்டுப்படாது. பிறகு தன் குரலிலேயே படித்துப் பதிவு செய்து, வாரா வாரம் வாட்ஸ்அப்பில் போடுவாள்.

பிரவீனா அதை எங்கள் தெரு குரூப்பில் தட்டிவிட்டாள். அவ்வளவுதான், தறிக்குத் தறி ஷாரோன் குரல். நெய்கிறவர்களுக்குக் கையும் காலும்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது.

"நல்லா இருக்கிற கதைய ஏம்மா கெடுக்கிற?" என்று ஒருநாள் அவளையே கேட்டேன்.

"அந்தக் கதையில எங்க ஆளுங்க எங்க வராங்க தெரியுமா ஆன்ட்டி?" என்றாள். "பண்ணையார் வயல்ல அறுப்பு நடக்குது. 'ஆட்களில் ஒருத்தி பாம்பு கடித்து இறந்தாள்' அப்டின்னு அரை வரி. அதுக்கப்புறம் பண்ணையார் காபி குடிக்கிறாரு. அவ பேரு கூட இல்ல. நான்தான் வடிவுன்னு வெச்சேன். உயிரோட இருந்தா அவள வாசப்படி ஏற வுட மாட்டாங்க. பேயா வந்தா நேரா நடுக் கூடத்துல உக்காந்துக்கலாம். யாரு கேப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து வடிவு வருகிற பகுதி என்றால் நானே சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் பிரவீனாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு தாமல். ஊர் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்கிற கை, பெற்ற பெண்ணுக்கு நெய்யாதா? மாம்பழ மஞ்சளில் உடலும் அரக்கில் கரையுமாகத் தறியில் பாவு நூல் ஏற்றினோம். என் வீட்டுக்காரர் கதிர்வேல் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்து நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போடுவேன். கோர்வைப் புடவைக்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் எழுந்துவிட்டால் இன்னொருத்தர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பாதிப் புடவை தாண்டியிருந்தது. அன்றைக்குப் புதுப் பகுதி வந்தது. போனைத் தறிக் கம்பத்தில் மாட்டியிருந்தோம். கதையில் பண்ணையார் வீட்டு மருமகளைத் துரத்திவிடுகிறார்கள். அவள் ஒரு நெசவாளி வீட்டில் அடைக்கலம் கேட்டு வருகிறாள். அவள் பின்னாலேயே வடிவும் வந்து தறிக்குழிக்குள் இறங்கிக்கொள்கிறாள். நெசவாளி ஒன்றும் அறியாமல் தறியில் உட்காருகிறான். 'குழிக்குள்ளிருந்து சில்லென்று ஒரு கை நீண்டு அவன் கணுக்காலைப் பற்றியது' என்று ஷாரோன் குரலைத் தாழ்த்திச் சொல்லி அன்றைய பகுதியை முடித்தாள்.

இவர் கையிலிருந்த நாடா நின்றுபோனது. ரெண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். "கால் மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் அமாவாசை, தறி ஓட்ட மாட்டோம். அதற்கு அடுத்த நாள் இடுப்பு வலி என்றார். அப்புறம் கரண்ட் இல்லை என்றார். கைத்தறிக்கு ஏதய்யா கரண்ட்!

தெருவிலும் ஒரே கூத்து. எதிர் வீட்டுப் பூவராகவன் குழிக்குள் டார்ச் லைட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை விடுகிறாராம். சிலர் வேப்பிலை சொருகி வைத்திருக்கிறார்களாம். இந்தப் பொண்ணு ஷாரோன், நாற்காலியில் உட்கார்ந்து கதை கேட்கிறவர்களை நினைத்து எழுதினாளே ஒழிய, குழிக்குள் காலை விட்டுக்கொண்டு கேட்கிறவர்களை யோசிக்கவே இல்லை. மற்றவர்கள் ஒருநாள் பயந்தார்கள், மறுநாள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவும் இல்லை, தறிப் பக்கம் போகவும் இல்லை.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரவீனா ஒருநாள் பாதியில் நிற்கிற புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லமா, கடையிலயே ஒண்ணு எடுத்துக்கலாம். அப்பாவ ஒண்ணும் கேக்காத" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேராக அவரிடம் போனேன். "ஏய்யா, பொட்டப்புள்ள கட்டிக்கப் போற புடவை. கதையில வர பேய்க்குப் பயந்துக்கினு பாதியில வுட்டுட்டியே, நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கத்தினேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "பேய்க்கு எவன் பயந்தான்?" என்றார். "அம்மாவைத் தூக்கச்சொல்லோ காலு சில்லுனு இருந்துச்சு இளவரசி."

போன தை மாசம் என் மாமியார் தில்லையம்மாள் அந்தத் தறியில்தான் போனார். இவர் சாப்பிட எழுந்த நேரத்தில், "நீ துன்னுட்டு வா, நான் நாலு இழை போடறேன்" என்று உட்கார்ந்தவர், அப்படியே பாவின் மேல் சாய்ந்துவிட்டார். கால் குழிக்குள்ளேயே இருந்தது. இவர்தான் தூக்கினார். காரியம் முடிந்ததும் அதே குழியில் காலை விட்டு நெய்யவும் ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டதுலருந்து அம்மா அங்கதான் இருக்குதுன்னு தோணுது" என்றார். "மிதியை மிதிக்கச்சொல்லோ அம்மா மேல காலு படுதோன்னு இருக்குது. பெத்தவள எப்டி மிதிப்பேன் நான்?"

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே ஷாரோன்மேல் திரும்பியது. செருப்பை மாட்டிக்கொண்டு காந்தி ரோடுக்குக் கிளம்பிவிட்டேன்.

"ஏம்மா, உனக்குப் பேய் வைக்க வேற எடமே கெடைக்கலையா? குளம் இருக்குது, புளியமரம் இருக்குது, எங்க சோத்துக் குழியிலதான் வைக்கணுமா? பெத்தவளையே மிதிக்கிற மாதிரி இருக்குதுன்னு அந்த மனுஷன் குழியில காலே வெக்கல, என் பொண்ணு கல்யாணப் புடவை பாதியில தொங்குது!" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்குகிற வரைக்கும் திட்டினேன். பிரவீனா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஷாரோன் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

"அங்கிளுக்கு அவங்க அம்மான்னா ரொம்ப உயிரா ஆன்ட்டி?"

"உயிரா? அந்தக் கொடுமைய ஏன் கேக்கிற! நாப்பத்தெட்டு வயசு ஆம்பளை. சாயங்காலம் தறிய வுட்டு எழுந்தா, காலைத் தூக்கி மடியில வெச்சுக்கினு வெளக்கெண்ணெய் தேச்சு வுடும் அந்தம்மா. நானும் கூடத்தானே உக்காந்து நெய்யறேன், எனக்கு எவ தேச்சு வுட்டா? பார்க்கச்சொல்லோ பத்திக்கினு வரும்."

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். சண்டை போட்டே குடும்பம் நடத்தினோம் நானும் மாமியாரும். அவர் இல்லாத வீடு எனக்கும் நன்றாக இல்லை, அதுதான் நிஜம்.

ஷாரோன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "வடிவுக்குக் கோவம் பண்ணையார் மேல ஆன்ட்டி. நெய்யறவரு காலுல அவளுக்கு என்ன வேலை? பயம் காட்டணும்னு நான்தான் அங்க கூட்டினு வந்து வுட்டேன். அவள நான் சரியா கேக்கவே இல்ல" என்றாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எழுத உட்கார்ந்துவிட்டாள்.

வாரம் பிறக்கக் காத்திருக்காமல் மறுநாள் காலையிலேயே அடுத்த பகுதி வந்தது. நான் போனைத் தறிக் கம்பத்தில் மாட்டி, சத்தத்தை முழுசாக வைத்தேன். அவர் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

ஷாரோன் குரல் வந்தது. நெசவாளி காலை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறான். குழிக்குள்ளிருந்து வடிவு பேசுகிறாள்:

'எடுக்காதே அப்பா. பசியோடு நின்றபோது இந்த வீட்டில்தான் எனக்குக் கஞ்சி வார்த்தார்கள். நாளெல்லாம் மிதித்த கால் வலிக்குமே என்றுதான் பிடித்தேன். இப்படி என் மடியில் வை.'

'உங்கள் மேல் கால் படலாமா?' என்றான் நெசவாளி.

'பெற்றவள் மடியில் படாத கால் எது?' என்றாள் வடிவு. அவன் ரெண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பொழுது விடிகிறவரை பிடித்துவிட்டாள். விடிந்ததும் குழியை விட்டு ஏறி, பண்ணையார் வீட்டுப் பக்கம் நடந்தாள். அவளுக்கு அங்கே வேலை இருந்தது.

அதோடு ஷாரோன் முடித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று தெரியும். என் இடத்தில் போய் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பலகையில் உட்கார்ந்து ஒரு காலை மெதுவாகக் குழிக்குள் இறக்கினார், பிறகு இன்னொன்றை. மிதிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவும் இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. இத்தனை மாசம் அழாத அழுகை, அழுதுவிட்டு வரட்டும்.

கடைசியில் குனிந்து, குழியைப் பார்த்துச் சொன்னார்:

"போதும்மா, வலி போயிடுச்சு. காலை வுடு. பாப்பா புடவைய முடிக்கணும்."

மிதி இறங்குகிற சத்தம் கேட்டது. நான் நாடாவைப் போட்டேன்.