வானத்தில் விழுந்த ஊசி ஓட்டைகள்

கீரப்பாளையத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஆட்டோ, மினிபஸ் சீட்டுகளுக்கு ரெக்சின் கவர் தைக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. வண்டிக்காரர்கள் பேசுவார்கள், நான் தலையாட்டுவேன். மிஷின் சத்தத்தில் அதுவே போதுமாக இருந்தது. வீட்டில் என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

அவள் தங்கை, என் கொழுந்தியாள், பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். சிப்காட்டில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். "நாள் பூரா பாட்டில் கழுவறேன் மாமா, இதுக்கா படிச்சேன்?" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் விட்டுவிட்டு வந்தாள். கடலூரில் ஒரு அறிவியல் குழுவிடம் காற்றடிக்கிற கோளரங்கம் இருந்தது. துணிதான். ஊதுகிற மிஷினைப் போட்டால் கவிழ்த்த சட்டி மாதிரி எழுந்து நிற்கும். உள்ளே புரொஜெக்டர் வைத்துக் கூரை முழுக்க வானத்தைக் காட்டலாம். முதல் காட்சியை அவர்களில் ஒருவர் வந்து பார்ப்பார். பிடித்துப்போனால் சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளெல்லாம் இவள் பொறுப்பு. இல்லையென்றால் கூடாரம் கடலூருக்குத் திரும்பிவிடும், இவள் பாட்டிலுக்குத் திரும்புவாள்.

முதல் காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் கூடார மூட்டையோடு கடைக்கு வந்தாள். இறக்கும்போது ஆட்டோக் கம்பியில் மாட்டி ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நாளைக்குக் காலையில குமராட்சியில ஷோ மாமா. முடியுமா?"

தலையாட்டினேன்.

கடை நடுவில் அதை விரித்தேன். வெளிப்பக்கம் கறுப்பு, உள்ளே வெள்ளை. இழுத்தால் பிரியக்கூடாது என்பது ஒன்றுதான் என் தொழிலில் எனக்குத் தெரிந்த நியாயம். மினிபஸ் சீட்டுக்குப் போடுகிற தடித்த ஊசியை மாட்டினேன். இரட்டை வரிசைத் தையல். முடிகிற இடத்தில் மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

"நீயும் போய்ப் பாரு, தச்சவன் பாக்க வேணாமா?" என்று மனைவி துரத்தியதால் நானும் போனேன். பள்ளிக்கூடத்து ஹாலில் உயரம் போதவில்லை. மைதானத்தில், நல்ல வெயிலில் போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, துணிக் குழாய்க்குள் தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். பிள்ளைகள் முப்பது பேர். கடலூரிலிருந்து வந்த அம்மா நடுவில் உட்கார்ந்தார். நான் யார் கண்ணிலும் படாமல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன்.

இருட்டானது. கூரையில் நட்சத்திரங்கள் வந்தன. பிள்ளைகள் ஒரே மூச்சாக "ஹா" என்றார்கள். கொழுந்தியாள் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் கிழக்குப் பக்கம், தாழ்வாக, அதைப் பார்த்தேன். இரண்டு வரிசையில், சம இடைவெளி விட்டு, மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று புள்ளிகள். ஒரு முனையில் மட்டும் நெருக்கமாக ஒரு கொத்து. மூன்று தரம் ஓட்டிய இடம்.

முதுகால் மறைத்துவிடலாம் என்று அந்தப் பக்கம் நகரத் தொடங்கினேன்.

"மிஸ், அது என்னா நட்சத்திரம்? ரோடு போட்ட மாதிரி நேரா நிக்குது," என்றாள் ஒரு சிறுமி.

கொழுந்தியாள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. பேச்சு நின்றுபோனது. ஊதுகிற மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா அசையாமல் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். இருட்டாக இருந்ததால்தான் எனக்கு வாய் வந்தது.

"அது என் தையல்மா," என்றேன். "நான் சீட்டு தைக்கிறவன். ஊசி தடிமன். ஓட்டை வழியா வெளிய அடிக்கிற வெயில் தெரியுது. மிஸ் மேல தப்பில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். சிறுமி விடவில்லை. "அப்ப அது நட்சத்திரம் இல்லியா?"

"இரு," என்றாள் கொழுந்தியாள். குரல் திரும்பி வந்திருந்தது. "வெயில் எங்கேருந்து வருது?"

"சூரியன்லேருந்து."

"சூரியன் என்னா?"

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குரல்கள், "நட்சத்திரம்."

"மத்ததெல்லாம் இந்தப் பெட்டியிலேருந்து வர்ற படம். இதுக்குள்ள நெசமான நட்சத்திர வெளிச்சம்னா எங்க மாமா போட்ட ஓட்டையில வர்றது மட்டுந்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்து தையல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். காற்று வெளியே போகிற இடம், சில்லென்று இருக்கிறது என்றார்கள். என் முழங்காலை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். நான் நகரவில்லை.

வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். நான் செருப்புகளை அடுக்குவதுபோல் குனிந்திருந்தேன். "அத ஒட்டி அடைச்சிடுங்க," என்றார். "ஒரே ஒரு ஓட்டைய மட்டும் விட்டு வைங்க. அடுத்த வாரம் சிதம்பரத்துல இவுங்களுக்கு ஷோ இருக்கு."

கொழுந்தியாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் வரும்போதுதான் பழைய வாய் வந்தது. "முப்பது பேரு முன்னால பேசுனீங்கன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க. நம்ப மாட்டா, நான்தான் ஒங்களுக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்தேன்னு நெனைப்பா."

பஞ்சர் கடையில் சொல்யூஷன் வாங்கி, கறுப்பு ரெக்சின் ஒட்டி எல்லாவற்றையும் அடைத்தேன். எதை விடுவது என்று வெகுநேரம் பார்த்துவிட்டு, தையல் தொடங்கிய முதல் ஓட்டையை விட்டேன்.

இப்போது அவள் ஹாலில் போட்டாலும் அந்த இடத்தை ஜன்னல் பக்கம் திருப்பித்தான் வைக்கிறாளாம். காட்சி முடிந்ததும் போன் செய்வாள். மழைக்காலத்தில், "இன்னைக்கு மேகம் மாமா, ஒங்க நட்சத்திரம் வரல," என்பாள். நாளைக்கு வரும் என்று நான் சொல்வேன். போனில்கூட எனக்கு அவ்வளவுதான் பேச வரும்.