சாம்பாருக்குள் போன கரண்டி

தீபாவளியன்று வாடிப்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, என் மகன் விரும்பிய பெண்ணின் அம்மா முதன்முதலாகச் சாப்பிட வந்தார். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பம், சுத்த சைவம். எங்கள் வீட்டிலோ கறிக்குழம்பு இல்லாமல் தீபாவளியே கிடையாது. அதனால் அவருக்கென்று தனி அடுப்பில், புதுப் பாத்திரத்தில் சாம்பார் வைத்திருந்தேன்.

இலை போட்ட பரபரப்பில் என் நாத்தனார் கறிக்குழம்புக் கரண்டியை அந்தச் சாம்பாருக்குள் விட்டுக் கலக்கிவிட்டாள். நான் மட்டும்தான் பார்த்தேன். வெளியே சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்து, அதையே எடுத்துப்போய் அவர் இலையில் ஊற்றிவிட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார். முதல் கவளம் வாய்க்கருகே போனபோது என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"சாப்பிடாதீங்கக்கா! அதுல கறிக்கரண்டி பட்டுருச்சு."

மகனின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கவளத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். அப்படியே வாசலுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக அடுப்படிக்கு வந்தார்.

"தயிர் இருக்கா?"

"இருக்குக்கா."

"அது போதும். தெரிஞ்ச உடனே சொல்லிட்டீங்கள்ல, இனி எம்பொண்ணு இங்க பயமில்லாமச் சாப்பிடுவா."

கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. தெரிந்தேதான் ஊற்றினேன் என்பதைச் சம்பந்தியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "எங்க சம்பந்திக்குப் பொய்யே வராது" என்று அவர் மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்கிறேன்.